அளக்காமல் எழுதிய எண்

2023 மே மாதக் கடைசியில், திருச்சுழி வட்டத்துக் கிராமம் ஒன்றில், ஒரு கரிமூட்டத் தொழிலாளியின் பெயருக்கு நேராக 124/80 என்று எழுதினேன். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை அவர் கையில் நான் சுற்றவில்லை. அவரைப் பார்க்கவே இல்லை. அவர் அப்போது வீட்டிலேயே இல்லை.

இதுதான் நான் செய்த குற்றம். இதற்கு முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன நடந்தது என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன். படிக்கிற நீங்கள் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருக்கிறீர்கள். எனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துவைத்தால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். அந்தக் குடும்பத்தின் பெயரையும் ஊரையும் மட்டும் சொல்லப்போவதில்லை. அவர்கள் வாசலில் போய் யாரும் நின்று பரிதாபப்படக் கூடாது.

நான் செவிலியர். படித்தது பி.எஸ்சி. நர்சிங். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் திரையைப் பார்க்கும் முன்பே எதற்காக அடிக்கிறது என்று சொல்வேன். ஒருவர் மூச்சு விடுகிற தினுசை வைத்து அடுத்த மணி நேரம் எப்படிப் போகும் என்று கணிப்பேன். புதிதாக வந்த டாக்டர்கள் ராத்திரி ஷிப்டில் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். எனக்கு அதில் கர்வம் இருந்தது. நிறைய இருந்தது.

இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கென்று நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டு வருடப் படிப்பு. அதில் சேர ஆசைப்பட்டேன். சேரவில்லை. குழந்தை பிறந்தது. கணவருக்கு அருப்புக்கோட்டையில் வேலை. 2021 கடைசியில் தமிழ்நாட்டில் 4,848 இடைநிலை சுகாதாரப் பணியாளர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது விண்ணப்பித்தேன். மறு வருடம் திருச்சுழிப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் ஒப்பந்தப் பணியில் சேர்ந்தேன்.

அந்த வேலை எதற்காக உண்டாக்கப்பட்டது என்பதை இங்கே சொல்ல வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

2020-இல் தமிழ்நாட்டில் தொற்றா நோய்கள் பற்றி ஓர் ஆய்வு எடுத்தார்கள். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம். சர்க்கரை நோயில் 10.8 சதவீதம். நூறு பேருக்குப் பிரஷர் இருந்தால் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் ஆபத்தோடு நடமாடிக்கொண்டிருந்தார்கள். பலருக்கு இருப்பதே தெரியாது. அதனால்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும்வரை காத்திருக்காமல், பட்டையையும் மாத்திரையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோவது அதன் வழி. அதற்கு முன்பே, 2018-இல், துணை சுகாதார நிலையங்களை நலவாழ்வு மையங்களாக மாற்றி, ஒவ்வொன்றிலும் இப்படிப்பட்ட பணியாளர் ஒருவரை உட்கார வைக்க வேண்டும் என்று மத்திய அரசு முடிவெடுத்திருந்தது. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. அந்த ஐயாயிரம் பேரில் முப்பது வயது தாண்டியவர்களை எல்லாம் அளக்க வேண்டும்.

எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் 2007-இல் இதய நோய்த் தடுப்புக்கான முன்னோட்டம் நடந்தது சிவகங்கையிலும் இங்கேயும்தான். இந்த மண்ணில் பிரஷர் பார்த்துத்தான் மற்ற மாவட்டங்களுக்குப் பாடம் போனது. அந்த மண்ணில்தான் நான் பிரஷர் பார்க்காமல் எழுதினேன்.

சேர்ந்த முதல் மாதமே எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. கரிசல் காடு, சீமைக் கருவேலம், தண்ணீர் வற்றி வெடித்துக் கிடக்கும் கண்மாய். ஸ்கூட்டியில் போனால் முகமெல்லாம் புழுதி. ஒரு திண்ணையில் உட்கார்ந்து, நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம், “உங்களுக்கு ஒன்றும் இல்லைதான், இருந்தாலும் பார்ப்போம்” என்று சொல்ல வேண்டும். அவர் எழுந்து போய்விடுவார். “வேலை கெடக்கு சிஸ்டர், இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்” என்பார். தீவிர சிகிச்சைப் பிரிவில் யாரும் எழுந்து போனதில்லை. படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த எனக்கு, நின்றுகொண்டிருப்பவரிடம் பேசத் தெரியவில்லை.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பயம். எட்டு வருட அனுபவம் உள்ளவளுக்கு ஒரு திண்ணைப் பேச்சு வரவில்லை என்றால் சிரிப்பார்களே என்ற பயம். பட்ரிஷியா பென்னர் என்ற அமெரிக்கச் செவிலியர் 1984-இல் எழுதிய புத்தகத்தைக் கல்லூரியில் பாடமாகப் படித்திருக்கிறேன். கற்றுக்குட்டியில் தொடங்கித் தேர்ந்தவர் வரை ஐந்து படிகள் அவர் சொல்வார். ஓரிடத்தில் தேர்ந்தவர், தமக்குப் பழக்கமில்லாத இன்னோர் இடத்துக்குப் போனால் மறுபடியும் முதல் படிக்குத்தான் வருவார் என்பதும் அதில் உண்டு. பரீட்சையில் அதை எழுதி மார்க் வாங்கியவள் நான். என் வாழ்க்கையில் அது நடந்தபோது ஒப்புக்கொள்ளவில்லை. முதல் படியில் நின்றுகொண்டு ஐந்தாம் படியில் நிற்பவள் போல் நடந்துகொண்டேன்.

ஊரில் வயதானவர்கள் என்னை “டாக்டரம்மா” என்று கூப்பிட்டார்கள். நான் ஒருமுறைகூடத் திருத்தவில்லை.

எங்கள் நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் ஒருவர் இருந்தார். அவரை இங்கே அக்கா என்றே சொல்கிறேன். அந்தப் பகுதியில் இருபது வருடத்துக்கு மேல் நடந்தவர். எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள், எந்த வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள், யார் பீடியை மறைத்துக் குடிக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். படிப்பு என்னைவிடக் குறைவு. அது ஒன்றைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “பொம்பளைங்க பேரும் கெழவன் கெழவி பேரும்தான் இருக்கு தங்கச்சி. ஆம்பளைங்க எங்க? பத்து மணிக்குப் போனா எவன் வீட்ல இருப்பான்? விடியுறதுக்கு முன்னால டீக்கடைக்குப் போ. இல்லாட்டி ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குப் போ. மூட்டத்துக்காரங்களப் புடிக்கணும்னா அதுதான் வழி.”

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். “என் வேலைய எப்படிப் பாக்கணும்னு எனக்குத் தெரியும்க்கா. நான் ஐ.சி.யூ.வுல எட்டு வருஷம் இருந்தவ.”

அவர் நோட்டை மூடி மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் என் நோட்டைத் தொடவில்லை.

இந்தப் பக்கத்தில் கரிமூட்டம் பெரிய பிழைப்பு. சீமைக் கருவேலத்தை வெட்டி, தூரைத் தோண்டி, விறகை அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடித் தீ வைப்பார்கள். நாள் கணக்கில் புகையும். வெள்ளைப் புகை மெலிந்து நீலமாகும்போது பக்குவம். இடையில் மண் விரிந்து காற்று உள்ளே போனால் எல்லாம் சாம்பலாகிவிடும். அதனால் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வெயிலிலும் சூட்டிலும் நிற்கிற ஆட்கள். இருட்டோடு போய் இருட்டோடு வருவார்கள். முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அதனால் ஒரு நாள் நிற்க முடியாது. பிரஷர் பார்ப்பதற்காக யாரும் மூட்டத்தை விட்டு வரமாட்டார்கள். 2024-இல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்று வேலையிடங்களுக்கும் பரிசோதனை போகத் தொடங்கியது. ஆனால் மூட்டத்துக்கு வாசலும் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை. அங்கே யாராவது கால் வைத்து நடந்து போனால்தான் உண்டு.

2023-இன் அந்த மே மாதம் கத்திரி வெயில். மாதக் கடைசி. என் கணக்கில் ஆட்கள் குறைந்திருந்தார்கள். மறுநாள் ஆய்வுக் கூட்டம். அந்த ஊரில் காலை பதினொரு மணிக்கு ஒரு வீட்டு வாசலில் நின்றேன். வீட்டுக்கார அம்மா தண்ணீர் கொடுத்தார். அவருக்கும் அவர் மாமியாருக்கும் அளந்தேன். அடுத்த வரியில் அவர் கணவர் பெயர். வயது நாற்பத்தாறு.

“அவருக்கு ஏதாச்சும் இருக்கா? தலைவலி, மயக்கம்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல சிஸ்டர். கல்லு மாதிரி இருக்காரு” என்றார்.

“சரி, நார்மல்னு எழுதிக்கிறேன்” என்றேன். 124/80 என்று எழுதினேன்.

120/80 என்று எழுதினால் பொய் என்று தெரிந்துவிடும். அதனால் 124. இந்த நுணுக்கத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அசதியில் கை தவறி விழுந்த எண் அல்ல அது. யோசித்து எழுதிய எண்.

‘ஆள் இல்லை’ என்று எழுதியிருக்கலாம். அதற்கு நோட்டில் இடம் இருந்தது. அப்படி எழுதியிருந்தால் அடுத்த மாதம் யாராவது அந்த வரியைப் பார்த்து மறுபடியும் போயிருப்பார்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர் போயிருப்பார். அக்கா போயிருப்பார். காலியான கட்டம் ஆளைக் கூப்பிடும். நான் அதில் ஓர் எண்ணை வைத்து வாயை அடைத்தேன். அன்று ஒரே ஊரில் பதினொரு ஆண்களுக்கு இப்படி எழுதினேன். மொத்தமாக இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. சாயங்காலம் எல்லாவற்றையும் கைபேசியில் ஏற்றினேன். மறுநாள் கூட்டத்தில் என் எண்ணிக்கை சரியாக இருந்தது.

இலக்கு வைத்து நெருக்கினார்கள் என்று நான் சொல்லலாம். நெருக்கடி உண்மை. ஒப்பந்த வேலை, அடுத்த வருடம் நீட்டிப்பார்களா என்ற பயமும் உண்மை. ஆனால் அதே இலக்கு அக்காவுக்கும் இருந்தது. அவர் குறைந்த எண்ணிக்கையோடு போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பொய்யோடு போகவில்லை. எனவே கொள்கையின் மேல் பழியைப் போட்டு நான் இறங்கிக்கொள்ள முடியாது. பயம் எல்லோருக்கும் இருந்தது. அதோடு கர்வமும் சேர்ந்தது எனக்குத்தான். திண்ணையில் பட்டை சுற்றுவது என் தகுதிக்குக் கீழான வேலை என்று நினைத்தேன். கீழான வேலையில் பொய் சொன்னால் பெரிய பாவம் இல்லை என்றும் நினைத்திருக்கிறேன். அப்படி நினைத்தேன் என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன்.

ஐப்பசி பிறந்து முதல் மழை பெய்த வாரம். காலையில் நிலையத்தைத் திறந்துகொண்டிருந்தேன். பைக்கில் ஒரு பையன் வந்தான். “மூட்டத்துல மாமா விழுந்துட்டாரு. கையும் காலும் இழுத்துக்கிச்சு” என்றான்.

போனேன். அவர் ஈர மண்ணில் கிடந்தார். வாய் வலப்பக்கமாகக் கோணியிருந்தது. இடது கையும் காலும் விழுந்திருந்தன. யாரோ தண்ணீர் ஊற்றப் போனார்கள்; தடுத்தேன். ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். வாயைச் சுத்தம் செய்தேன். அப்போதுதான், முதன்முறையாக, அவர் கையில் பட்டை சுற்றினேன். 216/128.

108-க்குச் சொல்லி, கூடவே வண்டியில் ஏறினேன். வழியெல்லாம் மூச்சைப் பார்த்துக்கொண்டே போனேன். எனக்குத் தெரிந்த வேலை அது. கை நடுங்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன்: அந்த அரை மணி நேரம் நான் பழைய ஆளாக இருந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் காணாமல் போயிருந்த என் திறமை திரும்பி வந்ததுபோல் இருந்தது. அதில் எனக்கு ஒரு நிறைவுகூட இருந்தது. வண்டியில் கிடந்தவர் என் எண்ணால் அங்கே வந்தவர் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். பெயரைச் சொன்னதும் எனக்குத் தெரிந்தது.

மூளையில் ரத்தக்கசிவு. டாக்டர் கேட்டார்: “இவருக்கு ஏற்கெனவே பிரஷர் இருந்ததா? மாத்திரை ஏதும் சாப்பிட்டாரா?”

அவர் மனைவி சொன்னார்: “இல்லைங்கய்யா. பிரஷர் எல்லாம் இல்லை. சிஸ்டர் வந்து எழுதிட்டுப் போனாங்க, நார்மல்னு. ரெண்டு மாசமா தலைய வலிக்குதுன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. நான்தான் சொன்னேன், ஒனக்குப் பிரஷர் இல்ல, வெயிலா இருக்கும்னு. கடையில வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டாரு.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அங்கேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது குற்றம் அதுதான். முதலாவதைவிட மோசமானது என்று நினைக்கிறேன். என் எண் அந்த வீட்டில் ஐந்து மாதம் வேலை செய்திருக்கிறது. அவருக்குத் தலை வலித்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று யோசித்த நேரத்தில், என் எண் குறுக்கே வந்து வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. அம்லோடிபின் மாத்திரை எங்கள் நிலையத்து அலமாரியில் இருந்தது. இலவச மாத்திரை. மாதாமாதம் இருப்புக் கணக்கில் அதை எண்ணிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

வெளியே வராந்தாவில் அந்த அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நீங்க மட்டும் இல்லைன்னா அங்கேயே முடிஞ்சிருக்கும் சிஸ்டர். சாமி மாதிரி வந்தீங்க” என்றார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. “பரவாயில்லம்மா, தைரியமா இருங்க” என்று சொன்னேன். அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.

ஊரிலும் பேச்சு அப்படித்தான் பரவியது. புது சிஸ்டர் கெட்டிக்காரி, கூடவே வண்டியில் போய் உயிரைக் காப்பாற்றினார் என்று. ஒரு வாரம் அந்தப் பெயரோடு நடமாடினேன்.

அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடித்துத் தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டே பேசினார். என்னைப் பார்க்காமல்தான் பேசினார். “எங்க அப்பா கண்மாய்க்கு மடை பாத்தவரு. மழைக்கு முன்னால கரையில மண்ணு போடச் சொல்லி ஊரக் கெஞ்சுவாரு. மழை வந்தா ராத்திரி முழுக்க லாந்தரு வச்சுக்கிட்டுக் கரையிலயே நடப்பாரு, எங்கயாச்சும் கசியுதான்னு. கசிஞ்சா ஒரு கூடை மண்ணுல அடைச்சிருவாரு. அவருக்கு யாரும் மாலை போட்டதில்ல. ஒரு வருஷம் அவருக்குக் காய்ச்சல். கரை ஒடைஞ்சுபோச்சு. அன்னைக்கு மூட்டை சுமந்து அடைச்சவங்களுக்குத்தான் ஊரு மாலை போட்டுச்சு.”

அவ்வளவுதான் சொன்னார். அவருக்கு என் நோட்டு தெரியும் என்று எனக்குப் புரிந்தது.

நோய்த் தடுப்பில் மூன்று நிலை என்று முதல் வருடத்திலேயே படித்தோம். நோய் வராமல் காப்பது முதல் நிலை. வந்ததை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது இரண்டாம் நிலை. முற்றிய பிறகு சேதத்தைக் குறைப்பது மூன்றாம் நிலை. கரைக்கு முன்கூட்டியே மண் போடுவது, கசிவைப் பார்த்து அடைப்பது, உடைந்த பிறகு ஊரைக் காப்பாற்றுவது. அந்த மனிதருக்கு முதல் நிலை என்றால் கருவாட்டையும் ஊறுகாயையும் பீடியையும் குறைப்பதைப் பற்றி அவரோடு உட்கார்ந்து பேசுவது. இரண்டாம் நிலை என்றால் ஐந்து நிமிடம் உட்காரவைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளப்பது. இரண்டையும் நான் செய்யவில்லை. மூன்றாம் நிலையில் மட்டும் போய் நின்றேன். அங்கேதான் எனக்குப் பழக்கம். அங்கேதான் நன்றி கிடைக்கும்.

நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பொறுப்பை 1965-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஹென்றி சில்வர் என்ற டாக்டரோடு சேர்ந்து உருவாக்கிய லொரெட்டா ஃபோர்டு, கிராமப்புறக் குடும்பங்களிடையே வேலை பார்த்த பொதுச் சுகாதாரச் செவிலியர். டாக்டர் எட்டாத இடங்களில் குழந்தைகளை நோய் வராமல் காக்கவே அந்தப் பயிற்சி தொடங்கியது. நானோ அந்தப் பட்டத்துக்கு ஆசைப்பட்டுக்கொண்டே, அது பிறந்த வேலையைக் கேவலமாக நினைத்தேன்.

அந்தப் பதினொரு பேரில் மிச்சம் பத்துப் பேர் இருந்தார்கள். தீபாவளி முடிந்த வாரம், விடியற்காலை நாலரை மணிக்குக் கணவரோடு பைக்கில் கிளம்பினேன். டீக்கடையில் நான்கு பேர். மூட்டத்தில் ஐந்து பேர். ஒருவரை ராத்திரி வீட்டில். எல்லோரையும் அளந்தேன். மூன்று பேருக்கு 150-க்கு மேல். அதில் ஒருவருக்கு 180. “நீங்க முன்னாடியே நல்லா இருக்குன்னு சொன்னீங்களாம்ல?” என்று அவர் கேட்டார். “நான் அளக்காம எழுதிட்டேன்ணே” என்றேன். அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கையை நீட்டி, “இன்னொரு தரம் பாருங்க” என்றார்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் போய்ச் சொன்னேன். எழுத்தில் விளக்கம் கேட்டார். கொடுத்தேன். என் பகுதியில் நான் எழுதிய அத்தனை பேரையும் மறுபடி அளக்கச் சொன்னார். கண்டிப்பு வந்தது. என் வேலை போகவில்லை.

வேலை போனது அவருக்கு. உயிர் இருக்கிறது. இடது கை தூக்க முடியாது. கோல் ஊன்றி வாசல்வரை வருவார். பேச்சு குழறுகிறது, கோபம் வந்தால் அழுதுவிடுகிறார். மூட்டத்து முன்பணம் பாக்கி நின்றது. அதைத் தீர்க்க மனைவி விறகு வெட்டப் போகிறார். கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்த மூத்த மகள் படிப்பை நிறுத்திவிட்டு அருப்புக்கோட்டைப் பக்கத்து நூல் மில்லுக்குப் போகிறாள். விடியற்காலையில் மில் வண்டி ஊருக்குள் வரும். ஒருநாள் டீக்கடைக்குப் போகிற வழியில் அவள் அதில் ஏறுவதைப் பார்த்தேன். கையில் சாப்பாட்டுப் பை. என்னைப் பார்த்து வணக்கம் சொன்னாள்.

அவள் வணக்கம் சொன்ன பிறகும் அந்த வீட்டில் போய் உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆனது. பிசியோதெரபி செய்ய வருகிறவரோடு இரண்டு முறை போய், சொல்லாமல் திரும்பினேன். மூன்றாவது முறை தனியாகப் போனேன். அந்த அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உட்கார்ந்து சொன்னேன். மே மாதம் நான் எழுதியது அளந்த எண் அல்ல. உங்கள் வாயிலிருந்து கேட்டதை வைத்து எழுதியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோதும் மறைத்தேன். நீங்கள் எனக்கு நன்றி சொன்னபோதும் மறைத்தேன்.

அவர் கீரையை விட்டுக் கையை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்:

“நீங்க எழுதுறத நான் பாத்துக்கிட்டுத்தான சிஸ்டர் இருந்தேன். படிச்சவங்க, பாக்காமலே தெரியும்போலன்னு நெனச்சேன்.” பிறகு, “ராத்திரி வந்திருந்தா அவரு வீட்லதான் இருந்தாரு” என்றார்.

திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கு உரிமை இல்லை. திண்ணையில் அவர் கணவர் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போது அவருக்கு அளந்தேன். 138/86. அவருடைய அட்டையில் எழுதி, எண்ணை அவரிடம் காட்டினேன். வலது கையால் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையிலும் இரண்டு நாள் ராத்திரியிலும் போகிறேன். அக்காதான் சொல்லிக்கொடுக்கிறார், யாரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று. என்னை யாராவது டாக்டரம்மா என்றால், “நான் நர்சும்மா” என்று திருத்துகிறேன். இதையெல்லாம் பரிகாரமாகச் சொல்லவில்லை. இது நான் முதல் நாளிலிருந்தே செய்திருக்க வேண்டிய வேலை. அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். ஆஸ்பத்திரியில் கற்றதை வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டாம். ஆனால் ஊருக்குள் நீங்கள் கற்றுக்குட்டிதான் என்பதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லுங்கள். கூட்டத்தில் எண்ணிக்கை குறைந்தால் திட்டுவார்கள். அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் இல்லை என்றால் ஆள் இல்லை என்றே எழுதுங்கள்.

ஊர் மக்களுக்கும் ஒன்று உண்டு. உங்கள் கையில் பட்டையைச் சுற்றாமல், உங்கள் பெயருக்கு நேராக யாரும் எண் எழுத விடாதீர்கள். எழுத வருவது நானாக இருந்தாலும்.